பிரான்ஸ், சுவிஸ், இத்தாலி, ஜெர்மனி: வாடகைக் காரை எங்கே நிறுத்துவது?

தேன்மொழி

வணக்கம். அடுத்த கோடையில் அம்மா, அப்பா, பிள்ளைகளோடு ஐரோப்பா போகிறோம். லியோனில் வாடகைக் கார் எடுத்து, அன்னசி வழியாக சுவிஸ், அங்கிருந்து ஃப்ளாரன்ஸ், திரும்பும்போது தெற்கு ஜெர்மனி என்று திட்டம். வலது பக்கம் ஓட்டுவது கணவருக்குப் பழக்கம்தான். லைசென்ஸ், காப்பீடு எல்லாம் பார்த்தாயிற்று. குழப்புவது பார்க்கிங் மட்டும்தான். நீலக் கோட்டுக்குள் நிறுத்தினால் காசு கட்ட வேண்டும் என்கிறார் ஒருவர், நீலக் கோடு இலவசம் என்கிறார் இன்னொருவர். இதற்கு நடுவில் நீல அட்டை ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டுமாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. எங்காவது தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போகலாம் என்ற யோசனை எங்களுக்கு எப்போதும் உதவாது. ஓட்டி அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

மலைப்பாதை

அந்த இருவர் சொன்னதும் சரிதான். ஆளுக்கொரு நாட்டைச் சொல்லியிருக்கிறார்கள்.

இத்தாலியில் நீலக் கோடு என்றால் கட்டணம். வெள்ளைக் கோடு பொதுவாக இலவசம், ஆனால் பக்கத்தில் நேர வரம்புப் பலகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மஞ்சள் கட்டம் குடியிருப்போர், மாற்றுத்திறனாளிகள், சரக்கு இறக்குபவர்கள் போன்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டது, நமக்கில்லை. சுவிட்சர்லாந்தில் நீலக் கட்டம் இலவசம், ஆனால் நீங்கள் கேட்ட அந்த நீல அட்டையை, டிஸ்க் என்பார்கள், வைக்க வேண்டும், நேர வரம்பும் உண்டு. அங்கே வெள்ளைக் கட்டத்துக்குத்தான் பெரும்பாலும் மெஷினில் காசு போட வேண்டியிருக்கும். மஞ்சள் தனியாருக்கோ குறிப்பிட்டவர்களுக்கோ உரியது.

பிரான்ஸில் நீல மண்டலம் டிஸ்க் மண்டலம். கட்டணப் பகுதி என்றால் தரையிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். அங்கே நடைபாதை ஓரக் கல்லையும் கவனியுங்கள்: விட்டு விட்டு மஞ்சள் பூசியிருந்தால் நிறுத்தி வைக்கக் கூடாது, தொடர்ச்சியாக மஞ்சள் பூசியிருந்தால் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. ஜெர்மனியில் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அங்கே பலகைதான் பேசும்.

ஆக, எல்லை தாண்டும்போது முந்தைய நாட்டு நிற அர்த்தத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். நான்கு நாட்டிலும் மாறாமல் இருப்பது இரண்டு வட்டப் பலகைகள். சிவப்பு விளிம்பும் நீல நடுப்பகுதியும் கொண்டவை. ஒரு சாய்ந்த சிவப்புக் கோடு இருந்தால் பார்க்கிங் தடை. இரண்டு கோடுகள் குறுக்காக இருந்தால் நிற்பதற்கே தடை. 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படி வந்த பலகைகள் இவை. பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள், பின் சீட்டிலிருந்து அவர்களே பார்த்துச் சொல்வார்கள்.

ரேவதி_சுவிஸ்

நான் இங்கேயே வசிக்கிறேன், அதனால் டிஸ்க் பற்றி விரிவாகச் சொல்கிறேன். இதில்தான் வெளியிலிருந்து வருபவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்.

அது நீல அட்டை. நடுவில் சுழலும் வட்டம், அதில் மணி. வந்து சேர்ந்த நேரத்தைக் காட்டும்படி திருகி டேஷ்போர்டின் மேல் வெளியே தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் உண்மையான நேரத்தையே வைப்பதில்லை. சுவிஸிலும் ஜெர்மனியிலும் அடுத்து வரும் அரை மணிக் கோட்டுக்கு நகர்த்தி வைக்க வேண்டும். 10.05க்கு வந்தால் முள் 10.30இல் நிற்கும். ஒரு மணி நேரம் அனுமதி என்றால் 11.30 வரை உங்களுடையது.

சுவிஸ் நீல மண்டலத்தில் வேலை நாட்களில் பகலில் ஒரு மணி நேரம். மதியத்துக்குத் தனிச் சலுகை உண்டு: 11.30க்கும் 13.30க்கும் இடையில் வந்தால் 14.30 வரை நிற்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் நுழைகிற குடும்பத்துக்கு இது பெரிய உதவி. நேரம் முடிந்ததும் ஓடி வந்து முள்ளை மட்டும் நகர்த்தி வைப்பது சட்டப்படி செல்லாது. வண்டியை எடுத்துப் போக்குவரத்தில் கலந்துவிட்டுத்தான் மறுபடி நிறுத்த வேண்டும்.

கார் எடுக்கும்போதே டிஸ்க் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் கையுறைப் பெட்டியில் இருக்கும். பிரான்ஸில் 2012 முதல், வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் காட்டும் ஐரோப்பிய மாதிரிதான் செல்லும், அதே டிஸ்க்கை இங்கும் ஜெர்மனியிலும் பயன்படுத்தலாம். பழைய மாதிரி எதையாவது கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள்.

பயணப்பித்தன்

இவ்வளவு மனப்பாடம் செய்ய வேண்டுமா? நான் கடைப்பிடிப்பது ஒரே விதி. தெருவில் உள்ளூர் வண்டிகள் வரிசையாக நின்றால் அங்கே நிறுத்துவேன். உள்ளூர்க்காரருக்குத் தெரியாத விதியா நமக்குத் தெரியப் போகிறது? இதுவரை எந்தத் தொந்தரவும் வரவில்லை.

நெடுஞ்சாலை

பித்தன் சார், இந்த ஒரு ஆலோசனையை மட்டும் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது உண்மையிலேயே ஆபத்தான வழி.

அந்த வரிசையில் நிற்கும் வண்டிகளுக்குக் குடியிருப்போர் அனுமதி இருக்கும். சில ஊர்களில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், பல ஊர்களில் அதுவும் இல்லை, நம்பர் பிளேட்டோடு கணினியில் மட்டும் பதிவாகியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அந்த வண்டிக்கும் நம் வண்டிக்கும் வித்தியாசமே தெரியாது. பிரான்ஸின் பெரிய நகரங்களில் கேமரா பொருத்திய கார் ஒன்று மெதுவாக ஓடியபடி நின்றிருக்கும் வண்டிகளின் எண்களையெல்லாம் படித்துக்கொண்டே போகும். காவலர் வந்து உங்களை எச்சரிக்கும் காட்சியெல்லாம் அங்கே கிடையாது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். நாம் நிறுத்துகிற இடத்தில் பலகை இல்லை, அதனால் தடை இல்லை என்று நினைக்கிறோம். ஐரோப்பாவில் அந்தக் கணக்கு சரிவராது. மண்டலம் என்று ஒன்று இருக்கிறது. அந்த மண்டலத்துக்குள் நுழையும் சாலையின் தொடக்கத்தில் ஒரு பலகை, வெளியேறும் இடத்தில் இன்னொரு பலகை, நடுவில் இருக்கிற தெருக்களில் எதுவுமே இல்லாமல் இருக்கலாம். வியன்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச் முதல் அநேகமாக நகரம் முழுவதுமே குறுகிய நேரப் பார்க்கிங் மண்டலம், திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 முதல் இரவு 10 வரை, அதிகபட்சம் 2 மணி நேரம். அந்தப் பலகை நகர எல்லையில், நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிற இடத்தில் நிற்கிறது. வேகமாக வரும்போது தவறவிட்டால், பிறகு ஊருக்குள் எந்தச் சந்தில் தேடினாலும் தென்படாது.

ஆகவே ஊருக்குள் நுழையும்போதே ஒருவர் பலகை பார்க்க வேண்டும். ஓட்டுபவர் பார்க்க முடியாது, அவருக்கு வேறு வேலை இருக்கிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் போனை இறக்கி வைத்துவிட்டு வெளியே பார்க்கட்டும்.

தேன்மொழி

ரொம்ப நன்றி எல்லோருக்கும். டிஸ்க் விஷயம் இப்போது தெளிவு. ஃப்ளாரன்ஸில் பழைய நகரத்துக்குள்ளேயே ஒரு விடுதி பார்த்து வைத்திருக்கிறோம், அம்மாவுக்கு நடை குறையுமே என்று. அங்கே கேமரா மண்டலம் என்று ஏதோ உண்டாமே?

இத்தாலி_ராஜி

உண்டு. அக்கறையோடு சொல்கிறேன், உங்கள் பயணத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் நீங்கள் முதலில் தீர்க்க வேண்டும்.

இசட்.டி.எல். என்பார்கள். பழைய நகரப் பகுதிக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் வரலாம். நுழைவில் வெள்ளை நடுவும் சிவப்பு விளிம்பும் கொண்ட வட்டப் பலகை, கீழே நீண்ட இத்தாலிய வாசகம், மேலே கேமரா. தடுப்புக் கம்பி கிடையாது. அதனால் யாரும் உங்களை நிறுத்த மாட்டார்கள். உள்ளே போய் ஒழுங்காகக் காசு கட்டி, ரசீதும் வைத்து நிறுத்தியிருப்பீர்கள். பார்க்கிங் சரி, ஆனால் அங்கே போய்ச் சேர்ந்ததே குற்றம். வழி தவறிச் சுற்றி மறுபடி வேறொரு கேமரா வழியாக நுழைந்தால் அது தனி அபராதம்.

மின்பலகையில் அட்டிவோ என்று ஒளிர்ந்தால் தடை நடப்பில் இருக்கிறது, நுழையக் கூடாது. போனில் இருக்கிற வழிகாட்டி இந்த மண்டலத்தை எப்போதும் தவிர்க்கும் என்று எண்ணிவிடாதீர்கள். குறுக்கு வழி என்று நேரே உள்ளே கொண்டுபோகும். தடை நேரம் ஊருக்கு ஊர் மாறும். ஃப்ளாரன்ஸில் வார நாள் பகல் மட்டுமல்ல, கோடையில் சில இரவுகளுக்கும் நீளும். சியன்னா, பிசா, ரோம் எல்லாவற்றிலும் இதே ஏற்பாடு உண்டு. மிலானின் மையத்தில் ஏரியா சி என்று கட்டணம் கட்டி நுழைகிற பகுதி தனி.

விடுதி உள்ளே இருந்தால், அவர்கள் உங்கள் வண்டி எண்ணை நகராட்சியில் பதிந்து தர முடியும். பதிந்து தருவார்களா, எந்த வழியாக வர வேண்டும், அங்கே நிறுத்த இடம் உண்டா அல்லது சாமான் இறக்கிவிட்டு வெளியேற வேண்டுமா, இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாடகைக் காரின் எண் கையில் சாவி வந்த பிறகுதான் தெரியும் என்பதால், அன்றே எண்ணை அனுப்பிப் பதில் வந்ததா என்று பாருங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. ஏ1 நெடுஞ்சாலையில் வில்லா கோஸ்தான்சா என்று ஒரு பார்க்கிங் இருக்கிறது. சுங்கச்சாவடியைத் தாண்டி வெளியேறாமலே நெடுஞ்சாலையிலிருந்து நேராக அதற்குள் போகலாம். பக்கத்திலேயே டி1 டிராம், சாந்தா மரியா நோவெல்லா ரயில் நிலையம் வரை கொண்டுவிடும். அங்கிருந்து அம்மாவுக்கு டாக்ஸி பிடித்துவிடுங்கள். டாக்ஸிக்கு உள்ளே போக அனுமதி உண்டு. ஃப்ளாரன்ஸில் இருக்கும் நாட்களில் கார் உங்களுக்குத் தேவையே இல்லை.

செந்தில்_ந

ராஜி அக்கா சொன்னதற்குச் சாட்சி என் மைத்துனர் குடும்பம். ஊர் திரும்பி மாதங்கள் கழித்து, பயணமே மறந்துபோன நேரத்தில், வாடகை நிறுவனம் கார்டிலிருந்து ஒரு தொகையை எடுத்துக்கொண்டது. அதுதான் அபராதம் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். பிறகு இத்தாலியிலிருந்து தனியாக நோட்டீஸ் வந்தது. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை வாங்குவார்களா? இது நியாயமா?

நெடுஞ்சாலை

செந்தில், அவை இரண்டும் வேறு வேறு. நகராட்சி அந்த எண்ணுக்குரிய நிறுவனத்திடம் ஓட்டியவர் யார் என்று கேட்கும். பெயரும் முகவரியும் கொடுத்ததற்கு நிறுவனம் வாங்குவது சேவைக் கட்டணம். ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், நாம் கையெழுத்துப் போட்டிருப்போம். அபராதம் அதற்குப் பிறகு உங்கள் முகவரிக்கு வரும். இத்தாலியச் சட்டத்தில் வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப 360 நாள் அவகாசம் உண்டு. தாமதமாக வந்தது என்பதால் மட்டும் மோசடி என்று கிழித்துப் போட வேண்டாம். வந்து 5 நாளுக்குள் கட்டினால் பெரும்பாலான அபராதங்களில் 30 சதவீதம் குறையும், அதனால் உடனே பிரித்துப் படிப்பது நல்லது.

சேவைக் கட்டணம் நியாயமா என்றால், எனக்கும் கசப்புதான். ஒரு மின்னஞ்சலுக்கு அவ்வளவு வாங்கத் தேவையில்லை. ஆனால் முன்கூட்டியே அந்தப் பத்தியைப் படித்துவிட்டால் இரண்டாவது கடிதம் அதிர்ச்சியாக இருக்காது.

பார்க்கிங் ரசீதுகளையெல்லாம் போட்டோ எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருங்கள். காசு கட்டியும் நோட்டீஸ் வந்தால் அதுதான் உங்கள் ஒரே ஆதாரம்.

பிரான்ஸில் 2018 ஜனவரியிலிருந்து கட்டணப் பார்க்கிங்கில் காசு கட்டாதது குற்ற அபராதம் இல்லை. அந்தந்த ஊரே தொகையை நிர்ணயித்து வசூலிக்கிற கட்டணமாகிவிட்டது. ஆகவே பக்கத்து ஊரில் கேட்ட தொகையை வைத்து இந்த ஊருக்கு மதிப்புப் போட முடியாது.

தேன்மொழி

அம்மாவை வாசலில் இறக்கிவிட்டு, கணவர் மட்டும் தள்ளிப் போய் நிறுத்துவது என்றால் அதற்கு அனுமதி உண்டா? அப்பாவிடம் நம் நாட்டு மாற்றுத்திறனாளி அட்டை இருக்கிறது. அதைக் கண்ணாடியில் வைத்தால் செல்லுமா?

மலைப்பாதை

முதல் கேள்விக்கு மகிழ்ச்சியான பதில். மேலே சொன்ன இரண்டு வட்டப் பலகைகளின் வித்தியாசம் உங்களுக்காகவே இருக்கிறது. ஒரு கோடு மட்டும் உள்ள இடத்தில் ஆளை ஏற்றி இறக்க நிற்கலாம், ஓட்டுநர் வண்டியிலேயே இருக்க வேண்டும். குறுக்குக் கோடுகள் உள்ள இடத்தில் அதுவும் கூடாது, கொஞ்சம் தள்ளிப் போய் இறக்குங்கள். ஜெர்மனியில் சட்டமே தெளிவாகச் சொல்கிறது: வண்டியை விட்டு ஓட்டுநர் விலகினாலோ, 3 நிமிடத்துக்கு மேல் நின்றாலோ அது பார்க்கிங். ஆனால் ஒரு கோட்டுப் பலகையின் கீழ் ஆளை ஏற்றி இறக்குவதற்கு 3 நிமிடத்தைத் தாண்டினாலும் விலக்கு உண்டு. அம்மா நிதானமாகவே இறங்கலாம். அப்பா கூட இறங்கி அம்மாவோடு நிற்கட்டும்.

அட்டை விஷயத்தில் ஏமாற்றம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீல மாதிரி அட்டையைத்தான் உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்கின்றன. வெளியிலிருந்து வரும் அட்டை தானாகச் செல்லுபடியாகாது. சக்கர நாற்காலி படம் உள்ள கட்டத்தில் அதை நம்பி நிறுத்த வேண்டாம். அந்தக் கட்டம் தேவைப்படுகிற இன்னொரு குடும்பமும் அங்கே வந்துகொண்டிருக்கும்.

இத்தாலி_ராஜி

சனிக்கிழமை பற்றி யாரும் சொல்லவில்லையே. இத்தாலியில் பலகைக்குக் கீழே குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் படம் இருந்தால் வேலை நாள் என்று பொருள். சிலுவைப் படம் இருந்தால் ஞாயிறும் விடுமுறையும். சனிக்கிழமை வேலை நாள் கணக்கில் வரும், ஜெர்மனியிலும் அப்படித்தான். வார இறுதி இலவசம் என்று நினைத்துச் சனிக்கிழமை காலை விட்டுப் போனால் அபராதம் உறுதி.

அப்புறம் இத்தாலியில் ஒரு கோட்டுத் தடைப் பலகையில் நேரம் எதுவும் எழுதியிருக்காவிட்டால், ஊருக்குள் அது காலை 8 முதல் இரவு 8 வரை என்று அர்த்தம். ஊருக்கு வெளியே நாள் முழுவதும்.

சந்தை நாள் இன்னும் முக்கியம். பிரான்ஸிலும் இத்தாலியிலும் சின்ன ஊர்களின் நடு மைதானம் மற்ற நாட்களில் அழகான, சில சமயம் இலவசமான பார்க்கிங். வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில் அங்கே கடை போடுவார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி என்று ஓரத்தில் ஒரு சின்னப் பலகை சொல்லும். முந்தின இரவு காலி மைதானத்தைப் பார்த்து மகிழ்ந்து நிறுத்தியவர் காலையில் வந்தால் கார் இருந்த இடத்தில் காய்கறிக் கடை இருக்கும், காரை இழுத்துப் போயிருப்பார்கள். தெரு கழுவுகிற நாளுக்கும் இதே மாதிரி பலகை உண்டு. இரவு தங்குகிற இடத்தில் அந்த வாரத்தின் கிழமைகளைப் படிக்காமல் படுக்கப் போகாதீர்கள்.

பயணப்பித்தன்

நெடுஞ்சாலை சொன்ன மண்டலப் பலகை விஷயம் நியாயமாகப் படுகிறது. குடியிருப்போர் அனுமதி கணினியில் மட்டும் இருக்கும் என்றால் பக்கத்து வண்டியைப் பார்ப்பதில் பயனில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

மெஷின் பற்றிச் சில வார்த்தை. நிறைய ஊர்களில் நம்பர் பிளேட் எண்ணைத் தட்டச்சு செய்தால்தான் காசே வாங்கும். வாடகைக் கார் எண் யாருக்கும் மனதில் நிற்காது, சாவி வாங்கியதும் பிளேட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓ என்ற எழுத்தையும் பூஜ்யத்தையும் மாற்றி அடித்தால் வேறொருவர் வண்டிக்குக் காசு கட்டியதாக ஆகிவிடும். மெஷினில் ஒட்டியிருக்கிற க்யூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்யாதீர்கள். அசலின் மேல் போலி ஒட்டி கார்டு விவரம் திருடுவது பல நாடுகளில் நடக்கிறது. ஆப் தேவையென்றால் கிளம்பும் முன்பே வீட்டில் வைத்து அதிகாரப்பூர்வ ஆப் ஸ்டோரிலிருந்து இறக்குங்கள்.

நெடுஞ்சாலை

ஜெர்மனிக்கு மூன்று சேர்க்கை. தெருவில் போக்குவரத்து போகிற திசையிலேயே முகம் வைத்து வலது ஓரமாக நிறுத்த வேண்டும். எதிர்ப் பக்கம் இடம் தெரிந்ததும் குறுக்கே போய் நுழையக் கூடாது. சந்தியிலிருந்து 5 மீட்டர் விட வேண்டும், வலப்புறம் தனியாகக் கட்டிய சைக்கிள் பாதை இருந்தால் 8 மீட்டர்.

வீடு மாற்றுவதற்கும் சாலை வேலைக்கும் தற்காலிகத் தடைப் பலகையைக் கொண்டுவந்து நடுவார்கள். நீங்கள் நிறுத்திய பிறகும் நடலாம். பலகை வைத்து 3 முழு நாள் கழிந்த பிறகு வண்டியை இழுத்தால் செலவு உங்கள் தலையில்தான், 2018இல் அவர்களின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. காரைத் தெருவில் விட்டுவிட்டு ரயிலில் வேறு ஊருக்குப் போய்ச் சில நாள் தங்குவதாக இருந்தால் கட்டடப் பார்க்கிங்கே நல்லது.

பிரெஞ்சு எண் உள்ள கார் என்பதால், புகைக் கட்டுப்பாட்டு மண்டலமுள்ள ஜெர்மன் நகரங்களுக்குள் போகப் பச்சை ஸ்டிக்கர் வேண்டும். நிறுவனத்திடம் இப்போதே கேளுங்கள்.

தேன்மொழி

ஃப்ளாரன்ஸ் விடுதிக்கு எழுதினேன். பதிந்து தருவோம், ஆனால் இறக்கிவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்றார்கள். அதனால் வில்லா கோஸ்தான்சா, டிராம், டாக்ஸி என்று முடிவு செய்துவிட்டோம். ஜெர்மன் ஸ்டிக்கர் பற்றி வாடகை நிறுவனத்துக்கும் எழுதியாயிற்று.

ரேவதி, கடைசியாக உங்களிடம் இரண்டு. சுவிஸில் செர்மாட் போக ஆசை, கார் உள்ளே போகுமா? ஒரு வியாழக்கிழமை மாலை 6.30க்கு லூசர்னில் நீல மண்டலத்தில் நிறுத்தினால் இரவெல்லாம் விடலாமா, ஒரு மணி நேரத்தில் எடுக்க வேண்டுமா?

ரேவதி_சுவிஸ்

செர்மாட்டுக்குள் நம் காருக்கு அனுமதி இல்லை. டாஷ் என்ற ஊரோடு நிறுத்த வேண்டும், அங்கே பெரிய கூரை போட்ட பார்க்கிங்கும் பக்கத்திலேயே ரயிலும் இருக்கிறது. சுமார் 12 நிமிடத்தில் மேலே. வெங்கன், மியூரன் போவதாக இருந்தாலும் அப்படித்தான், கார் லாட்டர்ப்ரூனனில் நிற்கும்.

லூசர்ன் கேள்விக்கு: மாலை 6க்கு மேல் வந்தால் மறுநாள் காலை 9 வரை விடலாம். டிஸ்க்கை 18.30இல் வைத்துவிட்டுப் போங்கள். காலை 8 மணிக்கு முன்பே கிளம்புவதாக இருந்து இரவு 7க்கு மேல் வந்திருந்தால் டிஸ்க்கே தேவைப்படாது. ஆனால் கட்டத்துக்குப் பக்கத்தில் தனிப் பலகை ஏதாவது இருந்தால் அதில் எழுதியிருப்பதுதான் செல்லும், இறங்கியதும் அதை ஒருமுறை பாருங்கள்.